கூடை நின்ற மத்தியானம்

மகள் குடியிருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்தின் லிஃப்டில் ஓர் அட்டை ஒட்டியிருக்கிறார்கள். லிஃப்ட் நடுவழியில் நின்றுபோனால் என்ன செய்ய வேண்டும் என்று அதில் எழுதியிருக்கும். பதற வேண்டாம். கதவை நெம்ப வேண்டாம். ஏறித் தப்பிக்கப் பார்க்க வேண்டாம். மணியை அழுத்திவிட்டு அமைதியாகக் காத்திருக்கவும். முதல் தடவை அதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இத்தனையையும் நான் பத்தொன்பது வயதில் ஒரு கிணற்று மேட்டில் நின்று கேட்டிருக்கிறேன். சொன்னவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவள் சொன்னதில் ஒன்று மட்டும் இந்த அட்டையில் விட்டுப்போயிருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

வெள்ளைக்காரன் ஆட்சியில் யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். நான் வாழ்க்கைப்பட்ட வீடு இண்டூருக்குப் பக்கத்தில், ஊரைவிட்டுத் தள்ளி, காட்டுக்குள்ளேயே இருந்தது. காடு என்றால் எங்கள் பக்கத்தில் புன்செய் நிலம். ராகியும் கடலையும் போடுவோம். இரண்டு வருடமாக மழை ஏமாற்றியதில் கிணறு வற்றி, பாறை தெரிய ஆரம்பித்துவிட்டது. இன்னும் ஓர் ஆள் ஆழம் வெட்டினால் ஊற்றுக் கண் திறக்கும் என்று எல்லாரும் சொன்னார்கள். அதனால் சித்திரை வெயிலில், தெலுங்கு பேசும் கல்லுடைக்கிற குடும்பம் ஒன்றைக் கூட்டிவந்து கிணற்று மேட்டில் குடிவைத்தோம். வெடிமருந்து கிடைக்காத நாள் அது. உளியும் சம்மட்டியும்தான்.

ஆண்கள் பாறையை உடைப்பார்கள். நானும் என் ஓரகத்தியும், அதாவது என் கணவருடைய அண்ணன் மனைவியும், உடைந்த கல்லைக் கூடையில் வாரிப் போடுவோம். கிணற்றின் படிக்கற்கள் முந்தின வருடமே சரிந்து போய்விட்டதால் ஆளும் கல்லும் ஒரே வழியில்தான் போக வேண்டும், வர வேண்டும். வடத்தில் தொங்கும் பெரிய மூங்கில் கூடை அது. வடம் மேலே மர உருளையில் ஏறி, அந்தப் பக்கம் மாடுகளின் நுகத்தடியில் கட்டியிருக்கும். கவலை என்று சொல்வோமே, மாடு கட்டித் தண்ணீர் இறைக்கிற அதே ஏற்பாடு. தண்ணீர்ச் சால் தொங்கிய இடத்தில் கூடை தொங்கியது, அவ்வளவுதான். மாடுகள் சரிவில் இறங்கினால் கூடை மேலே வரும். பின்னடி வைத்து மேடேறினால் கூடை கீழே போகும்.

நானும் ஓரகத்தியும் அப்போது பேசிக்கொள்வதில்லை. ஏன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், மறைத்து என்ன ஆகப்போகிறது. முந்தின வருடம் எனக்கு ஒரு பெண் குழந்தை பிறந்து ஒன்பதாம் நாள் போய்விட்டது. அடுத்த ஐந்தாம் மாதம் அவளுக்குப் பையன் பிறந்தான். தீட்டுக் கழித்த அன்று எல்லாரும் குழந்தையைக் கை மாற்றிக் கொஞ்சினார்கள். நானும் கையை நீட்டினேன். அவள் அத்தனை பேர் நடுவில், "அவ கையில குடுக்காதீங்க" என்றாள். என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. நீட்டிய கையை நான் எப்படி மடக்கிக்கொண்டேன் என்று எனக்கு இன்றுவரை நினைவில்லை. அதற்குப் பிறகு நான் நடையைக் கடந்தால் அவள் குழந்தை மேல் முந்தானையை இழுத்துவிடுவாள். நானும் சும்மா இருக்கவில்லை. அவள் வைத்த குழம்பைத் தொடாமல் மோரை ஊற்றிச் சாப்பிட்டேன். ஒரே வீட்டில் ஐந்து மாதம் இப்படி ஓடியது.

இது கல்லுடைக்கிறவருடைய மனைவிக்கு முதல் நாளே தெரிந்துவிட்டது. அவளுக்கு என் வயதுதான் இருக்கும். கை முழுக்கப் பச்சை குத்தியிருப்பாள். வாய் உளியைவிடக் கூர். கிணற்று மேட்டில் அவள் வைத்ததுதான் சட்டம். கூடையில் இரண்டு இரண்டு பேராக, எதிரெதிரே உட்கார்ந்துதான் இறங்க வேண்டும் என்றாள். எங்கள் இருவரையும் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நீங்க ரெண்டு பேரும் ஜோடி" என்றாள்.

"எனக்கு அவங்களோட பேச்சு இல்லீங்க" என்றேன்.

"பேச்சு எதுக்கு? எடை சரியா இருக்குதில்ல, அது போதும்."

பிறகு எல்லாரையும் நிற்கவைத்துச் சொன்னாள். "கூடை பாதியில நின்னா நீங்களும் சும்மா இருங்க. எந்திரிக்காதீங்க. வடத்தத் தொடாதீங்க. வடத்தப் புடிச்சு ஏறலாம்னு நெனைச்சவங்க யாரும் திரும்பி வரல. குண்டி கூடையில இருக்கட்டும், கால் எதிர்ல இருக்கறவங்க காலோட கோத்துக்கட்டும். மேல இருந்து ஒரே கொரல்தான் பேசும். என் கொரல். வேற யாரு கத்துனாலும் கேக்காதீங்க." ஆண்கள் சிரித்தார்கள். ஒரு பெண்பிள்ளை இத்தனை சட்டம் பேசுகிறாளே என்கிற சிரிப்பு. நானும் சேர்ந்து சிரித்தேன் என்று ஒப்புக்கொள்கிறேன்.

பதினைந்து நாளைக்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. ஓரகத்தியும் நானும் தினமும் நாலு தடவை முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்து இறங்கினோம், ஏறினோம். அவள் வடக்குச் சுவரைப் பார்ப்பாள், நான் தெற்குச் சுவரைப் பார்ப்பேன். குழந்தையைக் கிணற்று மேட்டுப் புங்கமரத்தில் தூளி கட்டிப் போட்டிருப்பார்கள். மாமியார் ஆட்டிக்கொண்டிருப்பார். மத்தியானச் சாப்பாட்டுக்கு மேலே வந்ததும் அவள் முதலில் ஓடுவது தூளிக்குத்தான். நான் கைகால் கழுவப் போவேன்.

அன்றைக்கும் ஆண்கள் முதலில் ஏறிவிட்டார்கள். கடைசி நடை எங்களுடையது. கிணற்றில் பாதி உயரம் வந்திருப்போம். தலைக்கு மேலே மரம் நெரிகிற சத்தம் கேட்டது. கூடை ஒரு குலுக்கு குலுக்கி நின்றது. அண்ணாந்து பார்த்தேன். வடம் உருளையிலிருந்து நழுவி, உருளைக்கும் பக்கச் சட்டத்துக்கும் நடுவில் போய் இறுகியிருந்தது. மாடு இழுத்தால் இன்னும் இறுகும். கீழே எட்டிப் பார்த்தேன். நாங்களே உடைத்து வைத்த கல் கூர் கூராகக் குவிந்து கிடந்தது. அதன் பிறகு நான் கீழே பார்க்கவில்லை.

மேலே ஒரே கூச்சல். ஆளுக்கு ஒரு யோசனை. மாட்டை ஓட்டு என்கிறது ஒரு குரல், ஓட்டாதே என்கிறது இன்னொன்று. கிணற்றுக்குள் அந்தக் குரல்கள் சுவரில் மோதி, யார் என்ன சொல்கிறார்கள் என்றே புரியாமல் வந்து விழுந்தன. எனக்கு உயிர்ப்பயம் வந்தது கூடை நின்றபோது அல்ல, இந்தக் கூச்சலைக் கேட்டபோதுதான். அப்புறம் கல்லுடைக்கிறவர் மனைவியின் குரல் எல்லாவற்றையும் வெட்டிக்கொண்டு வந்தது.

"எல்லாரும் வாய மூடுங்க! கீழ இருக்கற ரெண்டு பேரும் கேளுங்க. ஒண்ணும் ஆவல. வடம் மாட்டிக்கிச்சு. பக்கத்துக் காட்டுல இருந்து இன்னொரு வடம் வருது. வர்ற வரைக்கும் அப்படியே உக்காந்திருங்க."

என் கணவர்தான் அந்த வடத்துக்காக ஓடினார் என்று பிறகு தெரிந்தது. கணவரின் அண்ணன் மாடுகளைப் பிடித்துக்கொண்டு சரிவில் நின்றார். மாடுகள் அசையக் கூடாது. முன்னால் போனால் வடம் அறுந்துவிடும். பின்னால் வந்தால் வடம் தளர்ந்து, இறுக்கம் திடீரென்று விட்டுப்போய், தளர்ந்த அளவுக்கும் நாங்கள் விழுவோம்.

உட்கார்ந்திருப்பது என்ன பெரிய காரியம் என்று தோன்றலாம். உட்கார்ந்து பாருங்கள். கை வேலை கேட்கும். கால் எழுந்திரு என்னும். எதையாவது செய்தால் தேவலை என்று உடம்பே நச்சரிக்கும். அதற்கெல்லாம் இல்லை, இல்லை என்று சொல்லிக்கொண்டே இருப்பதுதான் அங்கே எனக்கு வேலையாக இருந்தது. அதற்கு முன்னும் பின்னும் அத்தனை கடினமான வேலையை நான் பார்த்ததில்லை.

அப்போதுதான் குழந்தை அழ ஆரம்பித்தான். பால் குடிக்கிற நேரம் தாண்டியிருந்தது. முதலில் முனகல், பிறகு வீறிட்டு. கிணற்றுக்குள் அந்த அழுகை மட்டும் தெளிவாக வந்தது. எதிரில் ஓரகத்தியின் ரவிக்கை நனைந்து ஈரம் பரவுவதைப் பார்த்தேன். அவள் அதைக் கையால் அழுத்திக்கொண்டாள். அழுகை மூச்சு முட்டி ஒரு நொடி நின்று மறுபடி எழுந்தது. அவள் சட்டென்று கூடையில் கை ஊன்றி எழுந்து, தலைக்கு மேலே வடத்தை எட்டினாள். கூடை ஒரு பக்கம் சாய்ந்தது. வெள்ளைச் சுவரும் கறுப்புப் பாறையும் ஒன்றாகச் சுற்றின.

"உக்காரு!" என்று கத்தினேன். ஐந்து மாதத்தில் நான் அவளிடம் பேசிய முதல் வார்த்தை அது. அவள் இடுப்பைக் கட்டிப்பிடித்துக் கீழே இழுத்தேன். மேலிருந்து அந்தப் பெண், தமிழ் மறந்துபோய், "கூர்ச்சோ! கூர்ச்சோ!" என்று அலறினாள். அர்த்தம் சொல்ல ஆள் தேவைப்படவில்லை.

ஓரகத்தி பொத்தென்று உட்கார்ந்தாள். அவள் கால்களை என் கால்களுக்குள் கோத்துக்கொண்டேன்.

"அவன் அழுவறான்" என்றாள்.

"அழுவட்டும். அழுவற புள்ள உசுரோட இருக்குது."

சொன்ன பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. என் குழந்தை ஒன்பதாம் நாள் காலையில் அழாமல் கிடந்ததைத்தான் சொல்லியிருக்கிறேன். அவளுக்கும் உறைத்தது. முதல் தடவையாகச் சுவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள். அதற்குப் பிறகு அவள் எழுந்திருக்கப் பார்க்கவில்லை. குழந்தை அழ அழ, என் முழங்காலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

இப்போது என் மாமியாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நல்ல மனுஷி. இரண்டு மருமகள்களும் அந்தரத்தில் தொங்க, பேரன் அழ, அவரால் சும்மா இருக்க முடியவில்லை. எங்கள் பக்கத்தில் கிணற்றில் ஆள் அகப்பட்டால் கங்கம்மாளுக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றி வேண்டிக்கொள்வது வழக்கம். அவர் வீட்டிலிருந்து ஒரு குடம் மஞ்சள் தண்ணீரைச் சுமந்துவந்து, எங்கே ஊற்றுவது முறையோ அங்கே ஊற்றினார். கவலைக்கு முன்னால் இருக்கிற கல் தொட்டியில், தலைக்கு மேல் குடத்தைத் தூக்கி, ஒரே கொட்டாக.

கவலை மாடுகளைப் பழகியவர்களுக்கு மட்டும்தான் இது விளங்கும். சால் மேலே வந்து தொட்டியில் தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டால், மாடுகள் யாரும் சொல்லாமலே நின்று, பின்னடி வைக்க ஆரம்பிக்கும். அடுத்த சாலுக்குப் போக வேண்டுமே. கன்றாக இருந்ததிலிருந்து பழகிய பழக்கம். அந்தக் கிணற்றில் எட்டு மாதமாக ஒரு சொட்டுத் தண்ணீர் இறைக்கவில்லை. ஆனால் மாடுகள் மறக்கவில்லை. நாங்கள் எல்லாரும் மறந்திருந்தோம், மாடுகளைப் பிடித்துக்கொண்டிருந்தவர் உட்பட.

தண்ணீர்ச் சத்தம் எனக்கும் கேட்டது. ஊற்றுத் திறந்துவிட்டதா என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். அடுத்த கணம் கூடை காலுக்குக் கீழே இல்லை. விழுந்தோம்.

வடத்தைத் தொடாதே என்று அவளை அதட்டிய நான் என்ன செய்தேன் தெரியுமா? இரண்டு கையாலும் வடத்தைத்தான் பிடித்தேன். ஓரகத்தி வடத்தைப் பிடிக்கவில்லை. என்னைப் பிடித்தாள். கழுத்தைச் சுற்றிக் கை போட்டு, என்னைக் கூடைக்குள் அமுக்கி, என் மேல் கவிழ்ந்துகொண்டாள். இரண்டு ஆள் உயரம் இறங்கி, கூடை எலும்பு உலுக்க நின்றது. நின்ற வேகத்தில் வடம் என் உள்ளங்கைத் தோலை உரித்துக்கொண்டு கைக்குள் ஓடியது. மாடுகளின் மூக்கணாங்கயிற்றில் தொங்கியே கணவரின் அண்ணன் அவற்றை நிறுத்தியிருக்கிறார். வடம் மறுபடியும் அதே சந்தில் போய் இறுகிக்கொண்டது. இந்தத் தடவை அதன் ஒரு புரி அறுந்து, நார் நாராகத் தொங்குவது கீழேயிருந்தே தெரிந்தது.

மேலே குழந்தையோடு சேர்ந்து என் மாமியாரும் அழுகிற சத்தம் கேட்டது. பாவம், அன்றிலிருந்து சாகும்வரை அவர் அந்தத் தொட்டிப் பக்கம் போகவே இல்லை. நாங்களும் அவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆபத்தில் இருக்கிறவர்களைச் சுற்றி நிற்பவர்களுக்கு அன்பு இருந்தால் மட்டும் போதாது என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

"உசுரோட இருக்கீங்களா?" என்று அந்தப் பெண்ணின் குரல் கேட்டது.

"இருக்கோம்" என்றாள் ஓரகத்தி.

வெயில் கிணற்றின் கிழக்குச் சுவரில் ஏறுகிற நேரத்துக்கு இரண்டாவது வடம் வந்தது. அதைப் புங்கமரத்தின் அடியில் சுற்றிக் கட்டி, நுனியை எங்களிடம் இறக்கினார்கள். "கூடையில கட்டாதீங்க. உடம்புல கட்டுங்க. அக்குளுக்குக் கீழ, ரெண்டு சுத்து, ரெண்டு முடிச்சு. ஒருத்தர் ஒருத்தராத்தான் வரணும். யாரு மொதல்ல?" என்றது அதே குரல்.

இதில் கேட்க என்ன இருக்கிறது? மேலே அவள் குழந்தை தொண்டை கட்டி அழுதுகொண்டிருந்தது. வடத்தின் நுனியை அவள் பக்கம் தள்ளினேன். அவள் அதை எடுத்தாள். எடுத்து என் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

"நீங்க போங்கக்கா. புள்ள அழுவறான்" என்றேன்.

"உங் கையப் பாரு."

பார்த்தேன். இரண்டு உள்ளங்கையும் ரத்தமாக இருந்தன. விரல் மடங்கவில்லை.

"நான் மொதல்ல போயிட்டா உனக்கு யாரு முடிச்சுப் போடுவா?" என்றாள். சொல்லிக்கொண்டே இரண்டு முடிச்சும் போட்டுவிட்டாள். இழுத்து இழுத்துப் பார்த்தாள். அப்புறம் என் காதோரம், மேலே யாருக்கும் கேட்காத குரலில் சொன்னாள். "மேல போனதும் அவன எடு. அழ வுடாத."

நான் போய்விட்டால் அந்தப் புரி அறுந்த வடத்தில் அவள் தனியாகத் தொங்க வேண்டும். எடை சமமாக இருக்க நடுவில் நகர்ந்து உட்காரச் சொன்னாள் மேலே இருந்தவள். ஓரகத்தி நகர்ந்து உட்கார்ந்தாள். என்னை இழுத்தார்கள். சுவரில் தோள் உரச, சுற்றிச் சுற்றி மேலே போனேன். நான் ஏற ஏற அவள் முகம் சின்னதாகிக்கொண்டே போனது. வடக்குச் சுவரையும் பார்க்காமல், கீழேயும் பார்க்காமல், என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கிணற்று மேட்டில் கால் வைத்ததும் யார் யாரோ என்னைத் தாங்க வந்தார்கள். தள்ளிவிட்டுத் தூளிக்குப் போனேன். மாமியாரின் தோளில் குழந்தை நீலம் பாரித்து அழுதுகொண்டிருந்தான். கையை நீட்டினேன். அவர் தயங்கினார். அந்தத் தயக்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன், அந்த வீட்டில் எல்லாருக்கும் அது பழகியிருந்தது. "அக்காதான் எடுக்கச் சொன்னாங்க" என்றேன். கொடுத்துவிட்டார்.

உள்ளங்கை படாமல் முழங்கையை மடித்து அவனை ஏந்திக்கொண்டேன். என் புடவை முழுக்க அவன் அம்மாவின் பால் ஈரமாக இருந்தது, கூடை விழுந்தபோது அவள் என் மேல் கவிழ்ந்திருந்தாளே. அந்த வாசனையில் மூக்கைத் தேய்த்தான். கிணற்று ஓரத்திலேயே, அவளுக்குக் கேட்கட்டும் என்று, உட்கார்ந்துகொண்டேன். இரண்டு விம்மல், ஒரு பெருமூச்சு. தூங்கிப்போனான்.

கீழே வடத்தின் நுனி மறுபடியும் இறங்கிக்கொண்டிருந்தது. அப்போது கிணற்றுக்குள்ளிருந்து ஓரகத்தியின் குரல் வந்தது. கூடை விழுந்தபோதுகூட அந்தக் குரலில் அத்தனை பயம் இல்லை.

"ஏன் சத்தம் நின்னுபோச்சு? புள்ளைக்கு என்ன ஆச்சு?"

அழுகிற பிள்ளை உயிரோடு இருக்கிறது என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான்தானே. பதில் சொல்லக் கூடாது, ஒரே குரல்தான் பேச வேண்டும். கல்லுடைக்கிறவர் மனைவியைப் பார்த்தேன். அவள் வாயைத் திறந்தாள், என் மடியைப் பார்த்தாள், மூடிக்கொண்டாள். "நீயே சொல்லு" என்று கையால் காட்டினாள்.

கிணற்றின் விளிம்பில் குனிந்து சொன்னேன். "அக்கா, தூங்கறான்க்கா. எங்கிட்டத்தான் இருக்கான். நீங்க அவசரமில்லாம முடிச்சுப் போடுங்க."

பிறகு, "சரி" என்றாள்.

அவள் அவசரப்படவில்லை. இரண்டு சுற்று, இரண்டு முடிச்சு, இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் குரல் கொடுத்தாள். லிஃப்டில் ஒட்டியிருக்கிற அட்டையில் விட்டுப்போனது இதுதான். மேலேயிருந்து பேசுகிற குரல் ஒன்றாக இருக்க வேண்டும், அது கீழே இருப்பவர்கள் நம்புகிற குரலாகவும் இருக்க வேண்டும்.

மேலே வந்ததும் அவளுக்கு யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். குடித்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தாள். குழந்தையைக் கொடுக்க நான் கையைத் தளர்த்தினேன். அவள் வாங்கவில்லை. என் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்து, என் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தாள். ஈர முந்தானையால் ரத்தத்தை ஒற்றி எடுத்தாள். அவன் தானாக விழித்து அவளைத் தேடுகிறவரை, என் மடியிலேயே கிடக்க விட்டுவிட்டாள்.